காட்சிக்குக் காட்சி கிழியும் திரை

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் வெறும் பொருளாக இருந்துவிட முடியாது. கட்டை என்றால் சிலுவை. தண்ணீர் என்றால் ஞானஸ்நானம். ஊறுகாய் ஜாடியின் வாயைச் சிவப்பு நூலால் கட்டி வைத்தேனோ, போச்சு. அன்று காலை ஜெபத்தில் எரிகோ பட்டணத்து ராகாப் வந்து உட்கார்ந்துகொள்வாள். அவள் ஜன்னலில் கட்டிய சிவப்புக் கயிறு இயேசுவின் இரத்தத்துக்கு எப்படி நிழலாட்டம் என்று என் வீட்டுக்காரர் விளக்கி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கும்.

நிழலாட்டம். இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. வெளியாட்களுக்கு இப்படிச் சொல்லலாம். எங்கள் வேதத்தின் முதல் பகுதியான பழைய ஏற்பாடு யூதர்களுடையது. இயேசு பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எபிரெய மொழியில் எழுதியது. அதில் ஓர் ஆட்டுக்குட்டி வெட்டப்பட்டால் அது வெறும் ஆட்டுக்குட்டி இல்லை, பின்னால் வரப்போகிற இரட்சகரின் நிழல் முன்கூட்டியே விழுந்திருக்கிறது என்போம். மோசே கம்பத்தில் தூக்கி வைத்த வெண்கலப் பாம்பு, மீன் வயிற்றில் கிடந்த யோனா, தன்னைப் பலியிடுவதற்கான விறகைத் தானே சுமந்துகொண்டு மலையேறிய ஈசாக்கு, எல்லாமே நிழல். பொருள் பின்னால் வருகிறது. கல்யாணமான புதிதில் அவர் இதையெல்லாம் சொல்லச் சொல்ல நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருக்கிறேன். அந்த அருமை இப்போதும் எனக்குத் தெரியாமல் இல்லை. நானும் அந்த இரட்சிப்பை நம்பித்தான் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிறேன். ஆனால் எதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

பூகோள வாத்தியாராக இருந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர் அவர். வேலையில் இருந்த வரைக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாதியைத் தாங்கிக்கொண்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு முழுவதும் எனக்கும், பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் போகிற வருகிறவர்களுக்கும் என்று ஆகிவிட்டது. ஒரு ஈஸ்டருக்கு முந்தின நாள் கறி வாங்கப் போனவர், பழுதில்லாததாக இருக்க வேண்டும் என்று வேதம் சொல்கிற பஸ்கா பலி ஆட்டுக்குட்டி நினைப்பிலேயே கடைக்காரரிடம், "பாய், பழுதில்லாத ஆடுதானே?" என்று கேட்டுவிட்டார். வருஷக்கணக்காக எங்களுக்குக் கறி தருகிற மனுஷன் அவர். முகம் தொங்கிப் போய்விட்டது. "என்ன சார் இப்படிக் கேக்குதிய? நான் என்னைக்குப் பழுதான ஆட்டை உங்களுக்கு வெட்டித் தந்தேன்?" என்றாராம். அப்போதாவது மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கலாம். நின்று யாத்திராகமத்தை விளக்கியிருக்கிறார். அடுத்த தடவை கறியில் முழுக்க எலும்பாக வந்தது.

காப்பியும் தப்பவில்லை. உடன்குடிக் கருப்பட்டி போட்டுத்தான் குடிப்பார். டம்ளரைக் கையில் வாங்கியதும், "மாராவின் கசந்த தண்ணியில மோசே மரத்தைப் போட்டான், இனிப்பாச்சு. இதுவும் மரத்துலேர்ந்து வந்த இனிப்புத்தானே?" என்பார். "ஆறிப் போகுது, குடிங்க" என்பேன் நான். எங்கள் குடும்ப ஜெபத்தில் நான் சொன்ன வார்த்தைகளிலேயே அதுதான் அதிகம் இருக்கும்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகலாம்தான். சிரிப்பு எனக்கு நின்று போனது எங்கள் மகள் விஷயத்தில். ஒரே பிள்ளை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கப் போனவள், கூட வேலை பார்த்த பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அம்பாசமுத்திரத்துப் பக்கம் நெல்லும் வாழையும் போடுகிற ஒரு இந்துக் குடும்பத்துப் பையன். நல்ல பையன், இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். கல்யாணத்துக்கு முன்னால் அவனே வீடு தேடி வந்து இவர் முன்னால் உட்கார்ந்தான். ஞானஸ்நானம் எடுத்தால் பிரச்சினை இல்லை என்று இவர் சொன்னார். அவன், "மனசுல இல்லாம தலையில தண்ணி ஊத்திக்கிட்டா அது உங்க சாமிக்கே பொறுக்காதே மாமா" என்றான். இவர் எழுந்து நின்றுகொண்டு, "ஞானஸ்நானம் எடுக்காம நீ இந்தப் படி ஏறக் கூடாது. நீ ஏறாத படியில அவளுக்கும் வேலை இல்ல" என்று முடித்துவிட்டார்.

அதோடு பேச்சு நின்றது. மகள் எனக்குப் போன் செய்வாள், நான் பின்கட்டில் துணி காயப்போடுகிற இடத்துக்குப் போய்ப் பேசுவேன். அவர் உள்ளேயிருந்து ரேடியோவைச் சத்தமாக வைப்பார். இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

இப்போது அவள் உண்டாகி ஏழாம் மாதம் முடியப் போகிறது. இரத்த அழுத்தம் வேறு கூடி நிற்கிறதாம். டாக்டர் ஓய்வு ஓய்வு என்கிறாராம். பகல் முழுவதும் அந்த அடுக்குமாடி வீட்டில் தனியாகக் கிடக்கிறாள். அவள் மாமியார் தங்கமான மனுஷி, ஆனால் படுத்த படுக்கையான புருஷனை விட்டுவிட்டு எங்கே நகருவாள்? அந்த அம்மாவே எனக்குப் போன் போட்டு, "மதினி, தலைப்பிரசவம் பொறந்த வீட்டுலதானே பாக்கணும்? எப்பம் வந்து கூட்டிட்டுப் போறிய?" என்று கேட்டாள். என்ன சொல்வேன் நான்? "உங்க அண்ணன்ட்ட பேசிட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

மகளோ அப்பாவுக்கு மேல் பிடிவாதம். "அப்பா வாயால கூப்பிடணும். கூப்பிட்டா ரெண்டு பேரையும் கூப்பிடணும். இவங்களைத் தெருவுல நிப்பாட்டிட்டு நான் மட்டும் உள்ள வந்து படுத்துக்கிட மாட்டேன்" என்றுவிட்டாள். நியாயம்தானே? ஆக எனக்கு வேண்டியது ஒரே ஒரு காரியம். இந்த மனுஷன் வாயைத் திறந்து அந்த இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டும். வேறு எதைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிற வாய்க்கு அது மட்டும் ஏன் இத்தனை கஷ்டம் என்று எனக்கு விளங்கவே இல்லை.

இந்த நேரம் பார்த்து அவர் எங்கள் வீட்டுக் கூடத்தில் புதன்கிழமை வேதபாடத்தில் ரூத்தின் சரித்திரத்தை எடுத்தார். நான் சுண்டல் தாளித்துக்கொண்டே கேட்டேன். ரூத் மோவாபியப் பெண், யூத ஜாதியே இல்லை. முதல் புருஷன் செத்த பிறகு யூத மாமியார் நகோமியோடு பெத்லகேமுக்கு வந்து, போவாஸுக்கு மறுபடி வாழ்க்கைப்பட்டு, தாவீது ராஜாவுக்குக் கொள்ளுப்பாட்டியாகி, அந்த வம்சத்தில்தான் இரட்சகர் பிறக்கிறார். "புறஜாதியாரும் இரட்சிப்புக்குள்ள வருவாங்கங்கிறதுக்கு எவ்வளவு அழகான நிழலாட்டம் பாருங்க!" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. வந்திருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குக் கையிலிருந்த கரண்டியைக் கூடத்துக்கு எறியலாம் போல இருந்தது.

எல்லாரும் போன பிறகு கேட்டேன். "மோவாபியப் பொம்பளை வந்தா நிழலாட்டம். அம்பாசமுத்திரத்துப் பையன் வந்தா மட்டும் ஆகாதோ?"

"அவ தன் தெய்வங்களை விட்டுட்டு வந்தா. இவன் விட்டானா?" என்றார். பட்டென்று சொல்லிவிட்டார். இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். காலையில் அவர் பல் தேய்க்கும்போது போய் நின்றேன்.

"அவ முதல்ல கல்யாணந்தான் பண்ணினா. நகோமி வீட்டுக்குள்ள மருமகளா வந்து, வருஷக்கணக்கா வாழ்ந்து, புருஷனும் செத்துப்போன பொறவுதான் உன் தெய்வம் என் தெய்வம்னு சொன்னா. அது வரைக்கும் நகோமி அவளைப் படிக்கு வெளியவா நிப்பாட்டி வச்சிருந்தா?"

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "உனக்கு இதெல்லாம் விளங்காது" என்றார். எனக்குத்தான் விளங்காதாம். அடச்சே என்று வந்துவிட்டேன்.

அதற்குள் எங்கள் ஆலயத்தின் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தது. இந்த வருஷம் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் மாதிரி ஒன்றைப் போட்டு ஜனங்களுக்குக் காட்டுவது என்று சபையில் தீர்மானமாயிற்று. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தூக்கிக்கொண்டு அலைந்த கூடாரக் கோயில் அது. அதில் உள்ள தூண், கொக்கி, திரை, விளக்கு ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் நிழலாட்டம் உண்டு. பொறுப்பு யாருக்கு என்று கேட்கவா வேண்டும்? அதன் தலைமைப் பூசாரியான பிரதான ஆசாரியன் வேஷம் போட்டுக்கொண்டு விளக்கம் சொல்வதும் அவர்தான். நான் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவள். ஆகையால் தைப்பதெல்லாம் என் தலையில்.

கமிட்டி கூடிய அழகை என்னவென்று சொல்ல! கூடாரத்தின் மேல் மூடுகிற கடைசித் திரை தகசுத்தோலால் ஆனது என்று எங்கள் தமிழ் வேதத்தில் இருக்கிறது. தகசு என்றால் என்ன? யாருக்கும் தெரியாது. மொழிபெயர்த்தவர்களுக்கே தெரியாமல் எபிரெயச் சொல்லை அப்படியே விட்டுவிட்டார்கள் போல. ஒருவர் ஏதோ வளை தோண்டும் பிராணி என்றார். செயலாளராக இருக்கிற ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் அண்ணாச்சிக்கு மணப்பாட்டுப் பக்கம். அவர் அடித்துச் சொன்னார், "அது கடல்பசு வே. எங்க கடல்லயே உண்டு. அந்தத் தோல்தான் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும்."

"வனாந்தரத்துல கடல்பசு எங்கன வே வந்துச்சு?"

"செங்கடலைத் தாண்டித்தானே வே வந்தாங்க?"

இதிலேயே ஒரு சாயங்காலம் போயிற்று. என் வீட்டுக்காரர் எழுந்து, எந்த மிருகமாக இருந்தாலும் வெளியே பார்க்க அழகில்லாத தோல், உள்ளே எல்லாம் பொன், அது மனுஷ ரூபமெடுத்த கிறிஸ்துவுக்கு நிழலாட்டம் என்று சொல்லி முடித்து வைத்தார். கடைசியில் சீட் கவர் தைக்கிற கடையிலிருந்து பழுப்பு ரெக்ஸின் வந்தது. அதைத் தைப்பதற்குள் என் மெஷினில் எத்தனை ஊசி ஒடிந்தது என்று ஆண்டவருக்குத்தான் தெரியும்.

விளக்கிலும் ஒரு கூத்து. வேதத்தில் குத்துவிளக்கு என்றுதான் போட்டிருக்கிறது. அதை நம்பி வாலிபர் சங்கத்துப் பையன்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் கேட்டு, உச்சியில் அன்னப்பறவை வைத்த ஆளுயரக் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டார்கள். ஏழு கிளை உள்ள விளக்கு வேண்டும் என்று இவர் குதித்தார். "வசனத்துல குத்துவிளக்குன்னுதானே சார் இருக்கு?" என்று அவர்கள் கேட்டார்கள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாயை வளைத்துத் தங்க வர்ணம் அடித்தார்கள்.

ஆனால் என் உயிரை வாங்கியது திரைச்சீலை. கூடாரத்தின் உள்ளே பரிசுத்த ஸ்தலம், அதற்கும் உள்ளே மகா பரிசுத்த ஸ்தலம். இரண்டுக்கும் நடுவே ஒரு திரை. அதைத் தாண்டிப் பிரதான ஆசாரியன் மட்டும்தான், அதுவும் வருஷத்தில் ஒரே நாள்தான் போக முடியும். இயேசு சிலுவையில் உயிரை விட்டபோது எருசலேம் ஆலயத்தில் அந்தத் திரை மேலிருந்து கீழ்வரை இரண்டாகக் கிழிந்தது. கடவுளுக்கும் மனுஷனுக்கும் நடுவே இருந்த தடை போய்விட்டது என்று அர்த்தம். அவருடைய விளக்கத்தின் உச்சமே அதுதான். ஆகவே, ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை கிழிய வேண்டும் என்றார்.

"எத்தனை திரை தைக்க? ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒண்ணு கிழிச்சா?" என்று கேட்டேன்.

"ஒரே திரைதான். நடுவுல வெல்க்ரோ வச்சுத் தை. நான் இழுத்தா பர்ருனு பிரியணும். பொறவு ஒட்டிக்கிடலாம்."

"யாரு ஒட்டுவா?"

"நீதான். நீ உள்ள உக்காந்துக்கோ. திரை பிரிஞ்சதும் விளக்கைப் போடு. கூட்டம் போனதும் திரும்ப ஒட்டிரு."

அப்படியாக நான் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் குடியேறினேன். ஆசாரியர்களான ஆரோன் பரம்பரைக்கே வருஷத்துக்கு ஒரு நாள்தான். எனக்குச் சாயங்காலம் முழுவதும். ஒரு விசிறிகூடக் கிடையாது. மேலே ரெக்ஸின், கீழே மணல், பக்கத்தில் பிளைவுட்டில் செய்த உடன்படிக்கைப் பெட்டி, அதன்மேல் சிறகு விரித்த தெர்மாகோல் கேருபீன் தூதர்கள். வேர்த்து ஊற்றியது. வெளியே அவர் நடக்க நடக்க அங்கியின் ஓரத்தில் நான் தைத்த மணிகள் குலுங்கும். தேரடிக் கடையில் வாங்கிய சலங்கை மணிகள் அவை. பலிபீடம், தண்ணீர்த் தொட்டி, விளக்கு, அப்ப மேஜை, தூபம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நெருங்கி வருவார். கடைசியில் திரையைப் பிடித்து இழுப்பார். பர்ர்ர். நான் விளக்கைப் போடுவேன். "இனிமே தடுப்பு கிடையாது! படிச்சவன் படிக்காதவன், அந்த ஜாதி இந்த ஜாதி, யாரும் தைரியமா உள்ள வரலாம்!" ஜனங்கள் "அல்லேலூயா" என்பார்கள். சிலர் அழுவார்கள். கூட்டம் வெளியேறும். நான் உட்கார்ந்த ஸ்டூலிலேயே ஏறி நின்று, கடவுளுக்கும் மனுஷனுக்கும் நடுவே இருந்த தடையைப் பைய மேலிருந்து கீழ்வரை ஒட்டி வைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு உட்காருவேன். அடுத்த கூட்டம் வரும்.

ஒத்திகையிலேயே எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. யாரும் வரலாம், யாரும் வரலாம் என்று அந்த மனுஷன் தொண்டை கிழியக் கத்துவதை இருட்டில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் நானும் தீர்மானம் செய்தேன். மகளுக்குப் போன் போட்டேன். அவர்கள் அந்த வாரம் அம்பாசமுத்திரத்துக்கு, டாக்டர் சொல்லியும் கேளாமல் அவள் மாமனாரைப் பார்க்க வந்திருந்தார்கள்.

"வீட்டுக்கு வர வேண்டாம்ட்டி. மைதானத்துக்கு வா. அது வீடு இல்லியே, பொருட்காட்சிதானே? யாரும் வரலாம்னு உங்க அப்பாதான் கத்திக்கிட்டு இருக்காவ."

"இவங்களும் வரட்டுமாம்மா?"

"கூட்டிட்டு வா. போஸ்டர்ல ஞானஸ்நானம் எடுத்தவங்க மட்டும்னு போடல."

பண்டிகையன்று கூட்டம் தாங்கவில்லை. சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்திலிருந்தெல்லாம் வேன் போட்டு வந்திருந்தார்கள். போஸ்ட்மாஸ்டர் அண்ணாச்சி வெளியே மைக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். சில கூட்டங்கள் வந்து போயின. திரை கிழிவதும் நான் ஒட்டுவதுமாக இருந்தது. கூடாரத்துக்குள் மங்கலான விளக்குத்தான். அவர் எப்போதும் ஜனங்களின் தலைக்கு மேலே பார்த்துத்தான் பேசுவார், வகுப்பறைப் பழக்கம். யார் வந்திருக்கிறார்கள் என்று முகம் பார்ப்பதில்லை. திரை பிரிந்து நான் விளக்கைப் போட்டால்தான் எதிரே நிற்பவர்கள்மேல் வெளிச்சம் விழும்.

பர்ர்ர் என்று பிரிந்தது. விளக்கைப் போட்டேன். முதல் வரிசையில் என் மகள் நின்றாள். வெளிறிப் போயிருந்தாள். வயிறு முன்னால் தள்ளி நின்றது. அவளுக்குப் பின்னால் மருமகன், கையில் தண்ணீர் பாட்டிலும் அவளுடைய செருப்பும்.

"இனிமே தடுப்பு கிடையாது" என்று தொடங்கியவர் அவளைப் பார்த்துவிட்டார். "படிச்சவன், படிக்காதவன்... யாரும்..." அதற்குமேல் வரவில்லை. மார்ப்பதக்கத்தில் இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களுக்கும் ஒவ்வொன்றாக ஒட்டிய கலர்க் கற்கள் ஏறி இறங்கின. கூட்டம் அல்லேலூயா சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"வரலாமாப்பா?" என்றாள் அவள். குத்திக் காட்டிக் கேட்கவில்லை. சின்ன வயதில் அவர் விடைத்தாள் திருத்துகிற அறையின் வாசலில் நின்று கேட்பாளே, அதே குரல்.

அவர் தொண்டையைச் செருமினார். "வெளிய போற வழி இந்தப் பக்கம். நெருக்காமப் போங்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த உடன்படிக்கைப் பெட்டியையே உதைத்திருப்பேன். ஜனங்கள் ஒன்றும் புரியாமல் நகர்ந்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் நகரவில்லை.

"சார், அடுத்த குரூப் ரெடி! திரையைப் போடுங்க வே!" என்று வெளியே மைக் அலறியது.

அவர் என் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒட்டு" என்றார்.

நான் எழுந்து வெளியே வந்தேன். "ஒட்ட மாட்டேன்."

"விளையாடாத. ஆளு நிக்கு."

"நிக்கட்டும். ஆண்டவர் ஒரு தடவை கிழிச்சாரு. அதை நீங்க காட்சிக்குக் காட்சி ஒட்டச் சொல்லுதிய. என் கையால ஒட்ட மாட்டேன். ஒட்டணும்னா உங்க பிள்ளை முகத்தைப் பாத்துக்கிட்டு நீங்களே ஒட்டுங்க. ரூத்துக்கு அழுதிய, ராகாபுக்கு அழுதிய, பெத்த பிள்ளைக்கு உங்களுக்கு ஒரு வார்த்தை இல்ல. இவ யாருக்கும் நிழலாட்டம் இல்ல பாருங்க, அதான்!"

கூடாரத்துக்கு வெளியே கேட்டிருக்கும். கேட்கட்டும். அவர் திரையின் இரண்டு ஓரங்களையும் பிடித்துத் தானே ஒட்டப் பார்த்தார். அது மேலேயிருந்து நேராகப் பிடித்தால்தான் ஒட்டும். அவருக்கு எட்டவில்லை. ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் தொங்கி, மார்ப்பதக்கம் வேறு வெல்க்ரோவில் போய்ச் சிக்கிக்கொண்டது. அதைப் பிய்த்து எடுத்ததில் ஒரு கோத்திரத்துக் கல் கழன்று மணலில் விழுந்தது.

மகள் முன்னால் வந்தாள். அப்பாவைவிட அவள் உயரம். "மேல நான் பிடிக்கேம்ப்பா. நீங்க கீழேர்ந்து ஒட்டிக்கிட்டு வாங்க" என்று சொல்லிக் கையைத் தூக்கித் திரையின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்தாள். தன்னை வெளியே வைத்து மூடுகிற திரையை, பாவி மகள், அவளே பிடித்துக் கொடுக்கிறாள்.

"கையைத் தூக்காதட்டி! மாசமா இருக்கிறவ!" என்று நான் கத்தினேன். அவள் கேட்கவில்லை.

அவர் அவள் காலடியில் முழங்கால் போட்டுக் கீழேயிருந்து ஒட்டிக்கொண்டே வந்தார். முழங்கால் உயரம் வரைக்கும் ஒட்டிற்று. அதற்குமேல் திரை சேரவில்லை. எட்டிப் பிடிக்க நெருங்கி நின்றவளின் வயிறு இரண்டு ஓரத்துக்கும் நடுவில் இருந்தது. அவர் இரண்டு ஓரங்களையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் அப்படியே இருந்தார். பிறகு தலை குனிந்தார். குனிந்தவர் அவள் பாதங்களைப் பார்த்தார்.

"கால் ஏன் இப்படி வீங்கியிருக்கு?" என்றார்.

"ஒண்ணுமில்லப்பா. பஸ்ல உக்கார இடம் கிடைக்கல. இங்கயும் வரிசையில ரொம்ப நேரம் நின்னோம்."

அவர் விரலால் அவள் கணுக்காலை அழுத்தினார். குழி விழுந்தது, உடனே மேலே வரவில்லை. அவர் திரையை விட்டுவிட்டார். அங்கியைப் பிடித்துக்கொண்டு எழுந்து மருமகன் பக்கம் திரும்பினார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தார்.

"மாசமா இருக்கிற பிள்ளையை இப்படியா நிக்க வச்சுக் கூட்டிட்டு வருவ? உக்கார ஏதாவது கொண்டா."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். அப்ப மேஜை, தூபபீடம், குழாய் விளக்கு, இவைதான் இருந்தன. நான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூல் திரைக்கு அந்தப் பக்கம், பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது.

"ஸ்டூல் உள்ளல்லா கிடக்கு மாமா" என்றான். முழங்கால் அளவுக்கு ஒட்டியிருந்த திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் உள்ள போகலாமா?"

வெளியே போஸ்ட்மாஸ்டர் அண்ணாச்சி மறுபடியும் மைக்கில் கூப்பிட்டார். என் வீட்டுக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"போ லே. அவ நிக்கா, தெரியலியா?"